விளக்கைக் குளிர வைத்தல்

போன வருஷம் மே மாதம், கத்திரி வெயில் நடுவில், அம்மாவின் அறையில் இருக்கும் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. வழக்கமாக வரும் மெக்கானிக்குக்கு போன் செய்தேன். அவர் வந்து பார்த்துவிட்டு இரண்டு வழி சொன்னார். "லீக் எங்கன்னு கண்டுபுடிச்சு, நைட்ரஜன் அடிச்சு செக் பண்ணி, வேக்யூம் போட்டு கேஸ் ஏத்துனா 4,000 ஆவும் சார். வெறும் டாப்-அப்னா 2,500." அன்றைக்கு எனக்கு ஒரு ரிலீஸ் இருந்தது. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் "டாப்-அப்பே போடுங்க" என்றேன். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. அறை குளிர்ந்தது. 1,500 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஏப்ரலிலேயே மறுபடி வெறும் காற்று. அதே மெக்கானிக் வந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட எல்லாம் போயிடுச்சு சார்" என்றார். இந்த முறை முழு வேலையும் செய்யச் சொன்னேன். அவர் ஜன்னல்களைத் திறந்தார், ஃபேனைப் போட்டார். அப்புறம் அலமாரியைப் பார்த்துத் தயங்கினார். அங்கே அம்மாவின் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அம்மா, அந்த விளக்கை மட்டும் கொஞ்ச நேரம் குளிர வச்சிருங்களேன்."

"வெள்ளிக்கிழமை அதுவுமா விளக்கை எதுக்குப்பா குளிர வைக்கணும்?"

"புது கேஸும்மா. நெருப்பு புடிக்கும். உள்ள மிச்சம் எவ்ளோ இருக்குன்னு தெரியாது."

அம்மா என்னைப் பார்த்தாள். நெருப்பு பிடிக்கும் ஒரு பொருளை அவள் தலைமாட்டில் மாட்டி வைத்து இரண்டு வருஷமாகத் தூங்கச் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், எனக்குமே அப்போதுதான் உறைத்தது. அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டில் ஆர்-32 என்று எழுதி, சின்னதாக ஒரு தீச்சுடர் படமும் ஒட்டியிருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"தம்பி, இது வீட்டுக்கு சேஃபா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "உங்களுக்கு ஒண்ணும் ஆவாது சார். ஆச்சுன்னா எங்களுக்குத்தான்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டார். எனக்கு அந்த வாக்கியம் போகவில்லை. பாதுகாப்பு என்கிற சொல்லை நாம் எப்போதும் யாருக்கு என்று சொல்லாமலே பயன்படுத்துகிறோம் என்று தோன்றியது.

*

குளிர்விக்கும் வாயுக்களின் வரலாறு முழுக்க இந்த "யாருக்கு" என்கிற கேள்விக்கான மாறி மாறி வந்த பதில்கள்தான்.

1920களில் வீட்டு ஃப்ரிட்ஜ்களில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்சைடு, மெதில் குளோரைடு போன்றவை ஓடின. எல்லாமே நச்சு. பெர்லினில் ஒரு குடும்பம் ஃப்ரிட்ஜிலிருந்து கசிந்த வாயுவால் தூக்கத்திலேயே இறந்துபோன செய்தியைப் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து புதுவிதமான ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைக்க இறங்கினார்கள். கசிவதற்குக் காரணம் அசையும் பாகங்களும் அவற்றின் சீல்களும்தானே, அசையும் பாகமே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்பது அவர்கள் யோசனை. இயந்திரத்தை மாற்றுவது அவர்கள் வழி.

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி வேறு வழியில் போனார். வாயுவையே மாற்றுவது. 1928இல் அவரும் அவரது குழுவும் குளோரோஃப்ளூரோகார்பன்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் மிட்ஜ்லி அந்த வாயுவைத் தன் நுரையீரல் நிறைய இழுத்து, எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியின் மேல் ஊதினார். மெழுகுவர்த்தி அணைந்தது. ஒரே மூச்சில் இரண்டு நிரூபணம். இது நச்சில்லை, இது எரியாது.

இரண்டுமே உண்மை. மிட்ஜ்லி பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் ஆள் சாவதை அந்த வாயு பெருமளவு நிறுத்தியது. ஆனால் மெழுகுவர்த்தியைக் கொண்டு சோதிக்க முடிவது அந்த அறையை மட்டும்தான். 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் அந்த வாயுக்கள் அழியாமல் மேலே போய் ஓசோனைச் சிதைக்கும் என்று எழுதினார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் பெரிய அளவில் குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம். மிட்ஜ்லி 1944லேயே இறந்துவிட்டார். தன் மூச்சுக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

அடுத்து ஓசோனைத் தொடாத வாயுக்கள் வந்தன. ஏசிகளில் பரவலாக வந்தது ஆர்-410ஏ. அதுவும் எரியாது. ஆனால் நூறு வருடக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ ஆர்-410ஏ, 2,088 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆகவே 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இன்னொரு உடன்பாடு. 2021இல் இந்தியாவும் அதை ஏற்றது. அதன்படி 2028இல் இவ்வகை வாயுக்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வைத்து, 2032இலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2047க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும். அந்தப் பாதையில்தான் எங்கள் வீட்டுக்கு ஆர்-32 வந்து சேர்ந்தது. அதன் எண் 675. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே. கூடவே அந்தத் தீச்சுடர் ஸ்டிக்கர்.

1930இல் வாயு விளக்கை அணைத்தது, அதைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். இப்போது வாயுவுக்காக நாம் விளக்கைக் குளிர வைக்கிறோம். பின்னால் போய்விட்டோமா?

*

இல்லை என்றுதான் நினைக்கிறேன். காரணம் வேதியியலிலேயே இருக்கிறது.

ஒரு மூலக்கூறு ஏன் எரிவதில்லை? ஆக்சிஜனோடு எளிதில் வினைபுரியாத அளவுக்கு அதன் பிணைப்புகள் உறுதியானவை என்பதால். அந்த உறுதிதான் நம் அறையில் அதைச் சாதுவாக வைத்திருக்கிறது. அதே உறுதிதான் வெளியே போன பிறகு அதை அழிய விடாமலும் வைத்திருக்கிறது. மிட்ஜ்லி குழுவின் வாயுக்களில் ஒன்றான ஆர்-12 வளிமண்டலத்தில் சுமார் நூறு வருஷம் இருக்கும். ஆர்-32 சுமார் ஐந்து வருஷம். ஆர்-290 என்பது வேறொன்றுமில்லை, புரொப்பேன். சில வாரங்களில் சிதைந்துவிடும். சீக்கிரம் சிதைய வேண்டுமென்றால் காற்றில் இருப்பவற்றோடு வினைபுரிய வேண்டும். காற்றோடு வினைபுரியும் ஒன்று, போதுமான செறிவும் ஒரு பொறியும் கிடைத்தால், எரியவும் கூடும். பெரும்பாலும் இந்த இரண்டு குணங்களும் ஒன்றாகவே வருகின்றன.

ஆர்-410ஏ என்பதே ஒரு கலவை. பாதி ஆர்-32, பாதி ஆர்-125. இந்த ஆர்-125 தீயணைக்கவும் பயன்படும் வாயு. ஆர்-32 எரிந்துவிடாமல் இருக்க அது துணை. அதன் எண் 3,500. அதாவது, எரியாமல் இருப்பதற்காகச் சேர்த்த பாதிதான் பூமியைப் பெருமளவு சூடாக்கும் பாதியும். ஆர்-32க்கு மாறினோம் என்றால் புதிதாக ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்தோம் என்று அர்த்தமில்லை. இத்தனை நாள் அந்த ஆபத்தை மூடிவைத்திருந்த போர்வையை எடுத்துவிட்டோம், ஏனென்றால் போர்வைக்கான விலையை வேறு யாரோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விலையே இல்லாத வாயு கிடைக்காதா? கரியமில வாயுவையே பயன்படுத்தலாம், எரியாது, ஆனால் அழுத்தம் பல மடங்கு. அமோனியா நன்றாகக் குளிர்விக்கும், நச்சு. என் தொழிலில் இதை நன்றாகவே பார்த்திருக்கிறேன். ஒரு சிக்கலை நம் மாட்யூலிலிருந்து எடுத்து அடுத்த டீமின் மாட்யூலில் போட்டுவிட்டு 'ஃபிக்ஸ்டு' என்று டிக்கெட்டை மூடுவோம். சிக்கல் போகவில்லை, முகவரி மாறியிருக்கிறது.

ஜெர்மானியத் தத்துவவாதி ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளிவந்த பொறுப்பைப் பற்றிய நூலில் ஒரு விஷயத்தைச் சுட்டினார். நமது பழைய அறங்கள் எல்லாம் அருகில் இருப்பவரை மனதில் வைத்து உருவானவை. அண்டை வீட்டுக்காரர், எதிரே நிற்பவர், இன்றைக்கு. தொழில்நுட்பமோ இன்னும் பிறக்காதவர் வரை கை நீட்டுகிறது. மிட்ஜ்லியின் மெழுகுவர்த்தி அண்டை வீட்டு அறத்தின் சோதனை. அறையில் இருந்த எல்லோரும் அதில் பாஸ். அறையில் இல்லாதவர்கள் ஆட்சேபம் சொல்ல வழியில்லை.

*

சரி, அறைக்குள் எவ்வளவு ஆபத்து? மெக்கானிக் போன பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அம்மாவின் அறை பத்துக்குப் பன்னிரண்டு, உயரம் பத்தடி. சுமார் 34 கனமீட்டர். ஆர்-32 பற்றிக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு கனமீட்டர் காற்றில் குறைந்தது சுமார் 307 கிராம் இருக்க வேண்டும். அந்த அறை முழுக்க அந்த அளவு நிறைய 10 கிலோவுக்கு மேல் வேண்டும். எங்கள் மெஷினில் இருப்பது 700 கிராம். மொத்தமும் கசிந்து சமமாகப் பரவினாலும் பதினைந்தில் ஒரு பங்குதான். பற்றினாலும் தீ மெதுவாகவே நகரும். அதனால்தான் இதைக் குறைந்த வேகத்தில் எரியும் ஏ2எல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள். புரொப்பேன் அப்படியல்ல, அது ஏ3. அதே அறைக்கு ஒன்றேகால் கிலோவே போதும். அதனால்தான் அந்த ஏசிகளில் சில நூறு கிராமுக்கு மேல் நிரப்புவதில்லை.

கணக்கில் ஓட்டைகள் உண்டு. இரண்டு வாயுக்களுமே காற்றைவிடக் கனமானவை. சமமாகப் பரவாமல், கசியும் இடத்துக்குப் பக்கத்திலும் தரையிலும் தேங்கலாம். சமையல் கேஸில் கலப்பதுபோல இவற்றில் வாசனை கலப்பதில்லை, கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. ஆர்-32 எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்கிற கொடிய நச்சு வரும். ஆனாலும், பக்கத்து அறையில் 14.2 கிலோ சமையல் கேஸை வைத்துக்கொண்டு நாம் தினமும் தூங்குகிறோம். ஒழுங்காகப் பொருத்தி, மூடிய நிலையில் ஓடும் ஆர்-32 மெஷின் அந்த சிலிண்டரைவிடப் பயமுறுத்தும் பொருள் இல்லை.

இந்தச் சிறு ஆபத்தை நான் ஏற்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஒரு ஆபத்து நியாயமானதா என்று பார்க்க அதன் அளவை மட்டும் பார்த்தால் போதாது. அதைச் சுமப்பவருக்கு அது தெரிகிறதா? அதனால் வரும் பலன் அவருக்குக் கிடைக்கிறதா? வேண்டாம் என்று சொல்ல அவரால் முடிகிறதா? பழைய வாயுக்களின் ஆபத்தைச் சுமந்தவர்கள் இந்த மூன்றிலும் இல்லை. ஆர்-32இன் ஆபத்து என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. ஸ்டிக்கரோடு இருக்கிறது. குளிர் எனக்குக் கிடைக்கிறது. வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். தொலைவில் தள்ளிவைத்த ஆபத்தில் கொஞ்சம் அதை உண்டாக்கியவர் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது. இதை முன்னேற்றம் என்றே சொல்வேன்.

ஆனால் இந்தக் கணக்கு முழுக்க மூடிய மெஷினுக்கானது. அதைத் திறப்பவர் என் கணக்கில் இல்லை.

*

எங்கள் அவுட்டோர் யூனிட் மூன்றாவது மாடி சன்ஷேடில் இருக்கிறது. ஜன்னல் வழியாக இறங்கி, ஒரு காலை ஏங்கிளில் ஊன்றி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கயிறு இல்லை. நானும் கேட்கவில்லை.

ஏசி மெக்கானிக்குகளைக் கொல்லும் விபத்துகளில் ஒன்று கம்ப்ரஸர் வெடிப்பது. இதற்கு எரியும் வாயுகூடத் தேவையில்லை. குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், கம்ப்ரஸர் அந்தக் காற்றையும் உள்ளே இருக்கும் எண்ணெய்ப் புகையையும் சேர்த்து அழுத்தும். அழுத்தத்தில் சூடேறி, டீசல் என்ஜினில் நடப்பதுபோலத் தானாகவே பற்றிக்கொள்ளும். 'எரியாத' பழைய வாயுக்கள் இருந்த மெஷின்களிலும் இப்படி நடந்திருக்கிறது. எரியும் வாயு இருந்தால் தவறுக்கான இடைவெளி இன்னும் குறுகும். கசிவைச் சோதிக்க நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினால் இன்னும் மோசம். குழாயிலிருந்து காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றத்தான் வேக்யூம் பம்ப். கசிவைக் கண்டுபிடிக்கத்தான் நைட்ரஜன்.

அதாவது போன வருஷம் 1,500 ரூபாய்க்கு நான் வேண்டாம் என்று சொன்ன இரண்டும்.

விளைவு என்ன? 700 கிராம் வாயு ஒரே வருஷத்தில் வெளியே போயிற்று. 675ஆல் பெருக்கினால் சுமார் 470 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பைக்கில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஆறு முறை போய்வந்ததற்கு ஈடு. வானத்துக்கும் நல்லது செய்யவில்லை, அவருக்கும் செய்யவில்லை.

வேலைக்கு நடுவில் அவரிடம் கேட்டேன். "உங்க வீட்ல ஏசி இருக்கா தம்பி?"

"இருக்கு சார். செகண்ட்ஸ். நானே ரெடி பண்ணேன். ஆர்-22."

"அது பழைய கேஸ் ஆச்சே?"

"அதான் சார் சேஃப். எரியாது."

ஓசோனையும் சிதைத்து, பூமியையும் 1,810 மடங்கு சூடாக்கும் வாயு. ஆனால் நான் எந்த வாயால் அதைச் சொல்வது? பகல் முழுக்க எங்கள் வீடுகளில் எரியும் வாயுவைக் கையாண்டுவிட்டு, இரவில் எரியாத வாயுவுக்குக் கீழே தூங்க விரும்பும் ஒருவரிடம்?

*

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. அது அவர் தொழில், கூலி வாங்குகிறார், எந்தத் தொழிலில்தான் ஆபத்து இல்லை? லாரி ஓட்டுபவருக்கு இல்லையா, லைன்மேனுக்கு இல்லையா? உண்டுதான். ஆனால் அந்தக் கூலி ஒழுங்காகச் செய்யப்படும் வேலைக்கானது. நான் பேரம் பேசிக் குறைத்தது அவர் லாபத்தை இல்லை. அவருக்கும் வெடிப்புக்கும் நடுவில் இருந்த நாற்பது நிமிடத்தை. அதைவிட உறுத்துவது, பாதுகாப்பு அவருடைய விலைப்பட்டியலில் ஒரு விருப்பத்தேர்வாக இருந்ததும், அந்தத் தேர்வைச் செய்யும் உரிமை அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்ததும். மே மாதத்தில் ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறி இறங்குபவர் "வேக்யூம் போடாம பண்ண மாட்டேன்" என்று சொன்னால், நான் வேறு நம்பருக்கு போன் போட்டிருப்பேன். மூன்று கேள்விகளில் மூன்றாவது அங்கேதான் உடைகிறது. ஆபத்து அவருக்குத் தெரியும். கூலி என்கிற அளவில் பலனும் உண்டு. வேண்டாம் என்று மட்டும் சொல்ல முடியாது.

இன்னொரு வாதம், இதெல்லாம் அரசும் கம்பெனிகளும் பார்க்க வேண்டியது என்பது. நிச்சயமாக. 2019இல் வெளியான இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டமே ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. பயிற்சி வேண்டும், கயிறு வேண்டும், அவுட்டோர் யூனிட்டை மனிதர் நிற்கக்கூடிய இடத்தில் வைக்கச் சொல்லும் கட்டிட விதி வேண்டும். ஆனால் பயிற்சி பெற்றவரிடமும் கடைசியில் "டாப்-அப் போதும்" என்று சொல்லப்போவது நான்தான். அந்த இடத்தில் அரசு நிற்காது.

எங்கள் ஆபீஸில் டெட்லைன் நெருங்கினால் டெஸ்ட்டுகளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு ரிலீஸ் செய்வோம். ராத்திரி இரண்டு மணிக்கு அது உடைந்தால் எழுந்து உட்காருவது அந்த முடிவை எடுத்தவராக இருக்காது. போன வருடம் சேர்ந்த ஜூனியராக இருப்பார். பல வருஷமாக இதை நான் செயல்திறன் என்று அழைத்து வந்திருக்கிறேன்.

ஏசியே வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. எழுபதைத் தொடப்போகும் அம்மாவை மே மாத இரவில் அந்த அறையில் வியர்த்துக்கொண்டு படுக்கச் சொல்வது அறம் என்றும் தோன்றவில்லை. குளிர் வேண்டும் என்றால் அதற்குரிய ஆபத்து எங்கோ ஓரிடத்தில் இருக்கத்தான் போகிறது. அதை இல்லாமல் ஆக்க முடியாது என்றால், குறைந்தபட்சம் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டாவது இருக்க வேண்டும். என் பக்கத்திலிருந்து அது நகரும்போது யார் பக்கம் நகர்கிறது என்று கேட்க வேண்டும்.

அன்றைக்கு இண்டோர் யூனிட்டுக்குப் பின்னால் இருந்த ஃப்ளேர் நட்டில்தான் லீக். பைப் முனையை வெட்டி, புதிதாக விரித்து முடுக்கினார். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி, கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் வேக்யூம் பம்ப். நாற்பது நிமிடம் அது ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குளிர்ந்த விளக்கை அடிக்கடி பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பம்ப்பை நிறுத்திவிட்டு கேஜைக் காட்டினார், முள் நகரவில்லை. கேஸ் ஏற்றி, மெஷினை ஓடவிட்டு, இணைப்புகளை மறுபடி ஒருமுறை சோதித்தார். "இப்ப ஏத்திக்கலாம்மா" என்றார்.

எதிர்வீட்டுக்காரர் சாயங்காலம் லிஃப்டில் கேட்டார், எவ்வளவு ஆச்சு என்று. 4,000 என்றேன்.

"எதுக்கு சார் அவ்ளோ? எனக்கு 2,500க்கு டாப்-அப் போட்டுக் கொடுத்தாரே. அதே பையன்தான்."

லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. "உள்ள வாங்க சார், ஒரு காபி சாப்பிட்டுப் போலாம்" என்றேன்.